வெளியே பூட்டு, உள்ளே தறி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோரையும் தாலுகா ஆபீஸ் கூடத்தில் உட்காரவைத்து, என்னை முன்னால் நின்று பேசச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் கல்யாணத்தன்று பெண்வீட்டில் ஒருத்தர், மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாராம். அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆரணியைச் சுற்றி மூன்று ஊர்களில் கிராம உதவியாளராக இருந்தேன். ஊர்க்காரர்களுக்கு இன்னும் தலையாரிதான். முட்டி தேய்ந்து சைக்கிள் மிதிக்க முடியாமல் போனதால், காலம் முடிவதற்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டேன். கலெக்டரில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி வந்தால் கடைசிப் படி நாம். நமக்குக் கீழே ரோடு. ஆனால் ஜனங்கள் நிற்பது அந்த ரோட்டில்தான். அதனால் அவர்களுக்கு முதலில் தெரிகிற படியும் நாம்தான்.

இந்த வேலை எவ்வளவு பெரியது என்று எனக்குக் காட்டியவர் என் நைனா. அவர் பிறந்தது உலகச் சண்டை முடிந்த சமயம். அரிசிக்கும் துணிக்கும் கண்ட்ரோல் போட்டிருந்த காலம் என்று சொல்வார். எங்களுக்கு நிலம் கிடையாது. அதனால் பட்டா கிடையாது. பிறந்ததற்குப் பேப்பர் இல்லை, கல்யாணத்துக்குப் பேப்பர் இல்லை, நாற்பது வருடம் அடுத்தவர் கழனியில் குனிந்ததற்கும் பேப்பர் இல்லை. வயதான பிறகு முதியோர் உதவித்தொகை ஆர்டர் வந்தது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல எங்க நைனா பேரு எது?" என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்து அவருடைய அப்பா பெயர் முதல் தடவையாக ஒரு காகிதத்தில் ஏறியிருக்கிறது. அதை எழுதியவர் யாரோ, டைப் அடித்தவர் யாரோ. நான் அன்று மிரண்டுதான் போனேன்.

அதற்குப் பிறகு எவ்வளவோ என் கை வழியாகப் போயிருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு உதவி, படிக்கிற பெண்ணுக்கு சைக்கிள், தறிக்கு இலவச கரண்ட், கூரை வீட்டுக்குப் பதில் காங்கிரீட் வீடு. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனதே மதியம் போடுகிற சோற்றுக்காக. இன்று எங்கள் காலனிப் பையன்கள் கம்பெனி பஸ் ஏறிச் செய்யாறு பக்கம் வேலைக்குப் போகிறார்கள். நாடு வளர்ந்துவிட்டது என்று டிவியில் சொல்லும்போது படித்தவர்கள் என்னத்தை நினைத்துக்கொள்வார்களோ, எனக்குத் தெரியாது. எனக்கு நினைவு வருவது காகிதத்தின் மேல் வைத்த நைனாவின் விரல்.

சரி, பெருமை போதும். நான் செய்த தப்பைச் சொல்கிறேன். நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக.

அது ஓர் ஆடி மாதம். போலி ரேஷன் கார்டுகளைக் கண்டுபிடிக்கச் சொல்லி மேலே இருந்து உத்தரவு வந்தது. மூன்று மாதமாகக் கடையில் எதுவும் வாங்காத கார்டுகளின் பட்டியல் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய், ஆள் இருக்கிறார்களா என்று பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பட்டியலில் கடைசிப் பெயர் நெசவாளர் தெருவில் இருந்தது. வடக்குக் கோடி வீடு. நான் போனபோது காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கதவில் பூட்டு தொங்கியது. காதைக் கொடுத்துக் கேட்டேன். தறிச் சத்தம் இல்லை. அந்தத் தெருவில் தறிச் சத்தம் இல்லாத வீடு என்றால் ஆள் இல்லாத வீடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். எதிர் வீட்டில் ஒரு அம்மாள் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கதவைத் தட்டியிருக்கலாம். பின்பக்கம் சுற்றிப் போயிருக்கலாம்.

செய்யவில்லை. தெரு நடுவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தெருவில் நான் எப்போதுமே நடுவில்தான் நிற்பேன். சின்ன வயதில் என் நைனாவோடு அங்கே விறகு கொண்டுவந்து போடுவோம். அப்போது எங்களை எங்கே நிற்க வைத்தார்களோ, அந்த இடத்திலேயே என் கால் பழகிவிட்டது. யாரும் இப்போது வராதே என்று சொல்லவில்லை. நானாகத்தான் நின்றேன். நின்றபடியே பேனாவை எடுத்து, "வீடு பூட்டி உள்ளது. குடியில்லை" என்று எழுதினேன். எங்கள் வி.ஏ.ஓ. மேடம் என்னை நம்பிக் கீழே கையெழுத்துப் போட்டார். பட்டியல் மேலே போனது. நான் மறந்தும் போனேன்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை. ஆபீஸைத் திறந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேடம் அப்போதுதான் வந்து உட்கார்ந்தார். தெள்ளார் பக்கத்துப் பெண். என்னைவிட இருபது வயது சின்னவர். ஒருத்தர் கக்கத்தில் பெரிய ஸ்கேன் கவரை இடுக்கிக்கொண்டு வேகமாக உள்ளே வந்தார்.

"மேடம், என் பேரு ஏகாம்பரம். என்னை ஒரு தபா நல்லாப் பாருங்க."

"பாக்குறேன். சொல்லுங்க."

"ஆள் தெரியறனா?"

"தெரியறீங்களே. ஏன்?"

"ரேஷன் மிஷினுக்குத் தெரியலையாம். ரெண்டு மாசமா கடைக்காரரு, மிஷின்ல வரல, அப்பறம் வாங்கன்னு சொல்லிகினே இருந்தாரு. முந்தாநாளு கேட்டா கார்டே இல்லையாம். நான் இந்த ஊர்லயே இல்லையாம். நெசவாளர் தெரு வடக்குக் கோடியில எங்கப்பன் காலத்துலேர்ந்து தறிக்குழியில காலைத் தொங்கப் போட்டுகினு கீறேன் மேடம். யாரோ ஒரு மகராசன் வந்து பாத்துட்டு, குடியில்லைன்னு எழுதிட்டுப் போயிகிறான்."

துடைக்கிற துணி என் கையிலேயே நின்றுவிட்டது.

அவர் தமாஷாகத்தான் ஆரம்பித்தார். பிறகு ஸ்கேன் கவரைப் பிரித்து மேசைமேல் பரப்பினார். ஒன்பது வயதில் ஒரு மகள், கீர்த்தனா. இதயத்தில் ஓட்டை. வீட்டில் யாருக்கும் தெரியாது. பிள்ளை ஓடினால் மூச்சு வாங்குகிறாள், சோம்பேறி என்றுதான் நினைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்த அரசாங்க டாக்டர் வண்டியில் ஒரு டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சென்னைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து மூன்று மாதம் சென்னைக்கும் ஊருக்குமாக அலைச்சல். ரேஷன் வாங்கப் போக ஆள் இல்லை. பட்டியலில் அவர் பெயர் வந்ததே அதனால்தான்.

"வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன் மேடம். தாயும் பொண்ணும் அங்க கீறாங்க. காப்பீட்டு அட்டை போட்டாதான் எல்லாம் இலவசம். அட்டை போட ரேஷன் கார்டு வேணும். கார்டு நம்பரைப் போட்டா, இது ரத்துன்றான் அட்டை போடற பையன். இந்தத் தேதிய விட்டுட்டா அடுத்தது எப்போன்னு சொல்ல முடியாதாம். நுரையீரல்ல பிரஷர் ஏறிகினே போவுதாம். ரொம்ப ஏறிட்டா அப்பறம் ஆபரேஷனே பண்ண முடியாதுன்றாரு டாக்டரு."

மேடம் பீரோவைத் திறந்து பழைய பட்டியலின் நகலைத் தேட ஆரம்பித்தார். நான் ஏகாம்பரத்துக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, "தேங்க்ஸ்பா" என்றார். அந்த ஒரு வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை.

அரசாங்கத்தின் ஒரு கை அந்தப் பிள்ளையைத் தேடிப்பிடித்து, அவள் அப்பா அம்மாவுக்கே தெரியாததைக் கண்டுபிடித்திருக்கிறது. இன்னொரு கை அவள் குடும்பத்தையே ஊரில் இல்லை என்று அழித்திருக்கிறது. இரண்டாவது கை என்னுடையது.

"நான்தாங்க எழுதினேன்" என்றேன்.

மேடம் திரும்பினார். ஏகாம்பரம் சொம்பைக் கீழே வைத்தார்.

"நீயா?"

"பூட்டு தொங்கிச்சிங்க. தறிச் சத்தமும் இல்ல."

"அடப்பாவி! சத்தம் இல்லன்னா அது புதுப் பாவு நூல் வந்த அன்னிக்குத்தான்யா. பழைய இழையோட புது இழைய ஒண்ணொண்ணா முறுக்கிச் சேக்கற வேலை. ஆயிரக்கணக்கான இழை. காலைல குழியில உக்காந்தா பொழுதுக்கும் எழுந்திருக்க முடியாது. அன்னிக்குத் தறி எங்க ஓடும்? நூல் சுத்தற வீட்டுக்குப் போன என் பொண்டாட்டி, கோழியும் புள்ளைங்களும் உள்ள வந்து பாவ மிதிக்கக் கூடாதுன்னு வெளிய பூட்டிகினு போனா. எங்க தெருவுல பகல்ல பூட்டு தொங்குச்சின்னா, உள்ள ஒரு ஆள் தறிக்குழியில கீறான்னு அர்த்தம். பால்காரனுக்கே தெரியும். ஒரு தட்டுத் தட்டியிருந்தா, பின்னால வான்னு கொரல் குடுத்திருப்பேனே! தட்டக் கை வரலியா உனக்கு?"

உண்மையைத்தான் சொன்னேன்.

"உங்க தெருவுல கதவைத் தட்டிப் பழக்கமில்லீங்க."

அவர் ஏதோ கத்த வாயைத் திறந்தவர், அப்படியே நிறுத்திவிட்டார். நான் காலனிப் பக்கத்து ஆள் என்பது அவருக்குத் தெரியும். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு, "இது வேற பேஜாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கோபம் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது.

பட்டியலை என் முன்னால் வைத்துவிட்டு மேடம்தான் பேசினார். "அண்ணா, அப்பறம் வருத்தப்படலாம். உக்காந்து எழுதுங்க. நீங்க எழுதினதை நீங்கதான் மாத்தணும். அழிக்காதீங்க, மேல காகிதம் ஒட்டாதீங்க. ஒரு கோடு போட்டு, பக்கத்துல நடந்ததை எழுதி, கையெழுத்துப் போடுங்க. நான் அதுக்குக் கீழ போடறேன். பாக்காம கையெழுத்துப் போட்ட தப்பு என்னுது."

இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அழித்த தப்பு சந்தேகம் கிளப்பும். கோடு போட்ட தப்பு, நான் இதுதான் என்று தைரியமாக நிற்கும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் என்னைவிட அத்தனை சின்னவர். அவருக்கு முன்னால் நான் பார்த்த எந்த அதிகாரியும் தன் தப்பையும் சேர்த்துச் சொன்னதில்லை.

மூன்று பேரும் ஆரணி தாலுகா ஆபீஸுக்குப் போனோம். கார்டுகளைப் பார்க்கிற அதிகாரி அங்கே இல்லை. திங்கட்கிழமை மனு நாள். எல்லோரும் திருவண்ணாமலையில் கலெக்டர் ஆபீஸில். ஆரணி ஆபீஸில் எனக்குப் பழக்கமான எழுத்தர் ஒருவர் மட்டும் இருந்தார். நல்லவர்தான். என் காகிதத்தைப் படித்துவிட்டு என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"உனக்கு இன்னா பைத்தியமா? போய்ப் பாக்காம எழுதினேன்னு உன் கையாலயே எழுதிக் குடுப்பாங்களா? சஸ்பெண்டுதான். இதக் கிழிச்சிப் போடு. குடும்பம் வெளியூர் போயிருந்துது, இப்ப திரும்பி வந்துட்டாங்கன்னு எழுது. புது கார்டுக்கு மனு போடச் சொல்லு. உனக்கும் சேதாரமில்ல, அவருக்கும் கார்டு வந்துடும்."

"எப்ப வரும்?"

"ஒரு மாசம், ஒண்ணரை மாசம்."

"வியாழக்கிழமை ஆபரேஷன்."

"அதுக்கு நீ இன்னா பண்ணுவ? டாக்டரா நீ?"

நான் உடனே முடியாது என்று சொன்னதாக நினைக்காதீர்கள். கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றேன். என் மகள் அப்போது நர்ஸ் படிப்பில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலை போனால் என் வீடு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எழுத்தர் சொன்ன வழியில் யாருக்கும் என் பெயர் தெரியாது. ஏகாம்பரம் என்னை ஏற்கெனவே பாதி மன்னித்துவிட்ட மாதிரிதான் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் வெளியே வேப்பமரத்தின் கீழ் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆயிடும் பாப்பா. சாயங்காலத்துக்குள்ள ஆயிடும். நைனா இருக்கேன் இல்ல? நீ இட்லி துன்னியா?"

காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்து, "திருவண்ணாமலை பஸ்ஸு ஜல்தியா வந்துடும், வாங்க" என்றேன்.

போளூர் வழியாகப் போகிற பஸ். ஏகாம்பரம் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்கேன் கவரைப் பாதி வழி வரைக்கும் மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூணு பேர் சீட்டுதான் இது. ஏன் ஓரத்துல தொங்கிகினு வர? நல்லா நவுந்து உக்காரு. நீ விழுந்து வச்சா என் கார்டு இன்னா ஆவுறது?" என்றார். முன் சீட்டில் மேடம் சிரித்தது கேட்டது.

கலெக்டர் ஆபீஸ் கூடத்தில் அவ்வளவு ஜனம். கால் இல்லாதவர்கள், கைக்குழந்தைக்காரிகள், சாதிச் சான்று கேட்கிற பிள்ளைகள். மேடையில் பெரிய அதிகாரியும் பக்கத்தில் வரிசையாகத் துறை அதிகாரிகளும். எங்கள் முறை வந்ததும் மேடம் காகிதத்தை நீட்டிச் சொல்ல ஆரம்பித்தார்.

பெரிய அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார். "இந்த ஃபீல்டு ரிப்போர்ட் யார் எழுதினது?"

"சார், நான்தான் கையெழுத்து..." என்று மேடம் தொடங்கினார்.

என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் நான் ஓர் அதிகாரி பேச்சின் நடுவில் பேசியதில்லை. "நான் எழுதினேங்க ஐயா" என்றேன். குரல் வெளியே வந்ததே எனக்கு ஆச்சரியம்.

"போய்ப் பாத்தீங்களா?"

"தெருவுல நின்னு பாத்தேங்க. வீட்டைப் பாக்கல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் காகிதத்தை இன்னொரு தடவை படித்தார். திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பிறகு பக்கத்திலிருந்த வழங்கல் அதிகாரியிடம், "இது ஆபீஸ் தப்பு, மனுதாரர் தப்பு இல்ல. புது மனு எதுவும் வேண்டாம். பழைய கார்டையே இப்பவே உயிர்ப்பிச்சுடுங்க. நான் எழுந்திருக்கறதுக்குள்ள" என்றார். என்னிடம், "உங்களுக்கு மெமோ வரும்" என்றார். "சரிங்க ஐயா" என்றேன்.

ஒரு பெண் கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினாள். நாங்கள் மூவரும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றோம். திரையில் நாலு பெயர்கள் வந்தன. ஏகாம்பரம், அவர் மனைவி வசந்தா, மகன், கீர்த்தனா. எல்லாம் சிவப்பு எழுத்து. அவள் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினாள். பச்சையாக மாறியது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. என் பேனா இந்த நாலு பேரையும் பூமியிலிருந்து துடைத்திருந்தது. ஒரு பெண்ணின் விரல் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அடுத்தது யாருங்க?" என்றாள்.

காப்பீட்டு அறை பக்கத்துக் கட்டடத்தில். சாயங்காலத்துக்குள் எண் கிடைத்துவிட்டது. ஏகாம்பரம் அதைச் சென்னைக்குப் போனில் சொன்னார். அந்தப் பக்கம் வசந்தா எழுதிக்கொண்டாள். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

வியாழக்கிழமை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை, போனேன். ஆபரேஷன் அறைக்கு வெளியே நீளமான வராண்டா. ஏகாம்பரம் என்னைப் பார்த்துவிட்டுப் பெஞ்சில் இடம் விட்டார். வசந்தா, "இவருதானா?" என்று கேட்டாள். "இவருதான்" என்றார். அவள் என்னை முறைத்துவிட்டு, பிறகு ஒரு வாழைப்பழத்தை நீட்டினாள். "நான் பூட்டாம போயிருந்தா இவ்ளோ இல்ல" என்று சொல்லி அழுதாள். அவள் பூட்டியது தப்பே இல்லை என்று சொல்ல நினைத்தேன். வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது.

காலையில் உள்ளே கொண்டுபோன பிள்ளை. மதியம் ஆகியும் கதவு திறக்கவில்லை. நான் அந்த வராண்டாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராமநாதபுரத்துப் பனையேறி ஒருத்தர். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மாள். மீன் பிடிக்கிற ஒரு பையன், அவன் மடியில் துணிப் பொட்டலம் மாதிரிக் கைக்குழந்தை. யார் கையிலும் சொத்து இல்லை. எல்லோர் பிள்ளைகளும் உள்ளே, வெளிநாட்டு மிஷின்களுக்கு நடுவில். இத்தனை டாக்டர்கள், இத்தனை நர்சுகள், சுவர் பூராவும் குழாய்கள், எல்லாம் யாருக்காக? என் நைனா காலத்தில் இவர்களில் ஒருத்தரையும் எந்தக் காகிதமும் தெரிந்து வைத்திருக்கவில்லை. பிள்ளை மூச்சு வாங்கிச் செத்தால், விதி என்று பாயில் சுற்றி எடுத்துப் போயிருப்பார்கள்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தருக்கும் பின்னால் ஏதோ ஒரு ஊரில் ஒரு தலையாரி இருக்கிறான். அவன் பனங்காட்டில் நடந்தோ, மலை ஏறியோ, படகுத்துறையில் காத்திருந்தோ, ஒரு கதவைத் தட்டி, ஆளைப் பார்த்து, இருக்கிறார் என்று எழுதியிருக்கிறான். அவன் பெயர் அந்த வராண்டாவில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் தட்டியதால்தான் அந்தப் பெரிய கதவு உள்ளே திறந்திருக்கிறது. அத்தனை பேரும் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். நான் ஒருத்தன்தான் தெரு நடுவில் நின்றேன்.

இரண்டு மணிக்கு மேல் ஒரு டாக்டர் வெளியே வந்தார். பச்சைத் தொப்பி, வியர்த்த முகம். "கீர்த்தனா வீட்டுக்காரங்க?" என்றார். மூன்று பேரும் எழுந்தோம். "அடைச்சாச்சு. நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு, எதுவும் எதிர்பார்க்காமல் போய்விட்டார். வசந்தா அவர் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மெமோ வந்தது. மேடம் சொல்லிக் கொடுத்த மாதிரியே, மறைக்காமல் பதில் எழுதினேன். ஒரு வருடத்துக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். கொடுக்க வேண்டிய தண்டனைதான். அதற்குப் பிறகு நான் எந்த ஊரிலும் தெரு நடுவில் நின்று ஒரு எழுத்தும் எழுதியதில்லை. சிலர் வாசலில் நின்றே பேசச் சொன்னார்கள். "உள்ள வந்து ஆளைப் பாக்கணுங்க, ரூல்ஸு" என்று சொல்லிப் போனேன். கூச்சம் போகவில்லை. கூச்சத்தோடுதான் தட்டினேன். கூச்சம் போன பிறகு தட்டிக்கொள்ளலாம் என்று நீங்கள் யாரும் காத்திருக்காதீர்கள்.

மெமோவுக்குப் பதில் கொடுத்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கீர்த்தனாவை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் கட்டு. பக்கத்தில் ஒரு மிஷின். அரசாங்கத்தில் கொடுத்த ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"யாரு நைனா இவரு?"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். கண்ணில் குறும்பு. "இவருதான் பாப்பா கவர்மெண்டு" என்றார்.

அவள் என் செருப்பில் ஆரம்பித்துத் தலை வரைக்கும் பார்த்தாள். "கவர்மெண்டுன்னா பெருசா இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரி வரைக்கும் சிரித்துவிட்டார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் மட்டும் சிரிக்காமல் யோசனையோடு, கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கவர்மெண்டுக்குப் பசிக்குமாம்மா?"

வசந்தா, "நீயே கேளேன்" என்றாள்.

"பசிக்கும் பாப்பா" என்றேன்.

பாதியைப் பிய்த்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கட்டிலை ஒட்டி நின்றபடி அதை மென்றேன். அந்த மிஷினில் ஒரு பச்சைக் கோடு குதித்துக் குதித்து ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. ரொட்டி தீர்ந்த பிறகும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.